நூற்றேழாம் தாளம்

பிட்கோஷ்ச் நகரில் பனி சேறாகிவிட்ட மாலை.
செவெரின் ஓல்ஷாவ்ஸ்கியின் நால்வர் இசை;
தொண்ணூறு வருடத்தில் இது மூன்றாம் முறை.

இரண்டாம் வயலின் தாளில்
ஒரு சுரம் இடறுகிறது.
அச்சுப்பிழை என்றாள் போஷேனா.
வேண்டுமென்றே எழுதியது என்றான் செலோக்காரன் கஸ்பெர்.
கேட்டுச் சொல்ல ஆளில்லை.
ஒப்பிட ஓர் ஒலித்தட்டும் இல்லை.
ஒத்திகை முழுக்கத் திருத்தியே வாசித்தாள்.
நன்றாகத்தான் இருந்தது,
துடைத்துவைத்த மேசை மாதிரி.

அரங்கில் பதினான்கு பேர்.
ஒருவர் கணப்புக்காக வந்தவர்,
ஈரக் காலுறையோடு தூங்குகிறார்.

அந்த இடம் வந்தது.
ஏனோ உள்ளபடியே வாசித்துவிட்டாள்.

சோற்றில் கல்.

ஆனால் வியோலா அந்தக் கல்மேல் கால்வைத்து
ஏறிப் போனது,
அதுவரை யாரும் பார்க்காத ஒரு மாடிக்கு.

தூங்கியவர் விழித்து
யார் கூப்பிட்டது என்பதுபோல் திரும்பினார்.
வெளியே வளைவில் டிராம் கிறீச்சிட்டது:
அதே சுரம்,
கால் சுரம் குறைவாக.