நான் ஓடிய பக்கம்

நூற்றி எண்பத்தாறாம் பக்கத்தில் நான் நிற்கிறேன்.
களத்து மேட்டில், கையில் அரிவாளோடு,
அடியாட்கள் பத்துப் பேருக்கு எதிரே.
பின்னால் சூரியன் வேறு உதிக்கிறது.
எனக்கு எழுத்து தெரியாது.
அந்த எண்ணை மட்டும் தெரியும்.

அன்று அமாவாசை கழிந்த மூன்றாம் ராத்திரி.
நான் முள்ளியாற்றில் இறங்கி ஓடினேன்.
இடுப்புத் துண்டு போன இடம் தெரியவில்லை.
கோரைக்குள் குந்தி
களத்தில் விழுந்த அடிகளை எண்ணினேன்,
எண்ணத் தெரிந்தவரைக்கும்.
நின்றவள் அண்ணி செங்கமலம்.
புத்தகத்தில் அவள் கஞ்சி கொண்டுவருகிறாள்.

எழுதியவர் அகோரமூர்த்தி.
வாத்தியார் வேலையை உதறிவிட்டு
எங்கள் தெருவில் நாற்பது நாள் கிடந்தவர்,
நத்தை உறிஞ்சப் பழகியவர்.
முதலில் உள்ளபடிதான் எழுதினார்:
நான் ஓடினது, அவள் நின்றது.
திருத்துறைப்பூண்டி ஆபீஸில் வாசித்தபோது
"கதாநாயகன் ஓடினால்
அரை மரக்கால் எப்படித் தோழர் கூடும்?"
என்று கேட்டார்களாம்.
மூன்று தடவை திருத்தினார்.
நாலாவதில் நான் நின்றுவிட்டேன்.

புத்தகம் ரஷ்ய பாஷைக்குப் போனது.
அவர் ருமேனியாவுக்குப் போனார்.
அங்கேயும் ஒரு பேராறு
கடலில் விழுமுன் நம் ஊர் போலவே
கிளை கிளையாய்ப் பிரிந்து கிடக்கிறதாம்,
இரண்டு ஆள் உயர நாணலோடு.
படகில் கூட வந்தார் ஒரு கிழ எழுத்தாளர்,
கால்வாய் வெட்டிய கதை எழுதிப் பரிசு வாங்கியவர்.
வீடு, கார் எல்லாம் சர்க்கார் தந்தது.
மொழிபெயர்ப்புக்காரன் வாந்தியெடுக்க எழுந்த நேரம்
உடைந்த இங்கிலீஷில் அவரே சொன்னாராம்:
"வெட்டினவர்கள் கைதிகள்.
என் கதையில் அவர்கள் பாடுகிறார்கள்."
அப்புறம் மீன் சூப் வந்தது.
வேறு பேச்சு இல்லை.

திரும்பி வந்தவர்
சவரம்கூடச் செய்யாமல் என் வாசலில் நின்றார்,
பை நிறையக் காகிதம்.
"பக்கிரி, மறுபதிப்பில் உள்ளதை எழுதிவிடுகிறேன்."

என் மகன் அப்போது எட்டாவது.
எங்கள் தெருவைச் சொல்லி அவனை ஏசிய பையனுக்கு
முந்தின வாரம்தான்
நூற்றி எண்பத்தாறைத் திறந்து காட்டியிருந்தான்.

"வேணாம் தோழர்" என்றேன்.
அவர் என்னைப் பார்க்கவில்லை. அண்ணியைப் பார்த்தார்.
அவள் கருவாடு அலசிக்கொண்டிருந்தாள்.
கையை உதறிவிட்டுச் சொன்னாள்:
"அந்தக் கஞ்சியையாவது எடுத்துடுங்க.
அன்னிக்கு வீட்டுல அரிசி ஏது?"

அதற்குப் பிறகு அவர் கதை எழுதவில்லை.
மனு எழுதினார். பட்டா, ரேஷன் கார்டு,
விதவைப் பென்சன், சுடுகாட்டுப் பாதை.
அவற்றில் சில ஜெயித்தன.
கடைசி வரை வாடகை வீடு.

மறுபதிப்பு வந்தது.
மகன் வாசித்துக் காட்டினான்.
நான் இன்னும் நிற்கிறேன், சூரியனும் இருக்கிறது.
செங்கமலம் வரப்பில் வருகிறாள்,
வெறுங்கையோடு.
எதற்கு வருகிறாள் என்று எழுதியிருக்கவில்லை.