பதினைந்து நொடி

காவேரிப்பட்டினம் ரோட்டில்
பெங்களூரா காய் ஏற்றிய டிராக்டர்கள்
நேற்று மதியத்திலிருந்து நிற்கின்றன.
ஆலைக்குள், ஏசி ஓடும் ஒரே அறையில்
நான் சாயம் சொட்டுகிறேன்.

நீலச் சாயம்.
அமிலம் கலந்த கூழில் விழுந்ததும் காணாமல் போகும்.
இன்னொரு சொட்டு. அதுவும் போகும்.
வைட்டமின் சி இருக்கும்வரை விழுங்கிக்கொண்டே இருக்கும்,
தீர்ந்த கணத்தில் ரோஜா நிறம் நிற்கும்.
பதினைந்து நொடி நின்றால் எழுதிக்கொள்ளலாம்.
மத்தூர் லோடு: இருபத்திரண்டு.

நாலு வருஷமாய் எழுதுகிறேன்.
யார் செய்தது, எதற்குச் செய்தது
என்பதற்கு ரெஜிஸ்டரில் கட்டம் இல்லை.

கெம்பண்ணன் ஜன்னலைத் தட்டினார்,
வரிசையில் முப்பத்தெட்டாவது வண்டி.
"அப்படி என்னாத்தம்மா பாக்கறீங்க என் காயில?"
சொன்னேன்.
"அதை யாரு போடறாங்க உள்ள?
நான் யூரியாதான் போட்டேன்."

சிரித்தேன். சிரித்து முடித்தும்
கேள்வி அங்கேயே நின்றது.

எடைமேடைக்குப் பக்கத்தில் ஒரு மரம்.
யாரும் நடவில்லை,
கொட்டிய கொட்டையில் முளைத்தது.
சாப்பாட்டு நேரத்தில்
உச்சி வெயில் வாங்கும் கிளையில் ஓர் இலை,
உள்நிழலில் ஓர் இலை,
பறித்து வந்து தனித்தனியே அரைத்தேன்.

இலை முதலில் சர்க்கரை சமைக்கிறது.
அதில் கொஞ்சத்தைத் தின்னாமல், சேர்த்தும் வைக்காமல்
பட்டா மாறுவதுபோல
மேசைக்கு மேசை பெயர் மாற்றி அனுப்புகிறது.
ஒரு மேசையில் மானோஸ்,
இன்னொன்றில் காலக்டோஸ்.
கடைசிக் கையெழுத்து
செல் மூச்சுவிடும் அறையின் உள்சுவரில்.

யாருக்கு?
நமக்கில்லை.
தின்கிற வெளிச்சமே
மிதமிஞ்சிப் போய்ப் பச்சையத்தைச் சுட வரும்போது
முன்னால் போய் நிற்பதற்கு.
ஓடி ஒளியக் கால் இல்லாதது
உள்ளுக்குள்ளேயே காய்ச்சிக்கொள்கிறது.

நிழல் இலை நாலாவது மில்லியிலேயே ரோஜாவானது.
வெயில் இலை குடித்தது, குடித்தது,
பச்சை மறைத்ததால் வெள்ளைத் தாளை அடியில் வைத்து
குனிந்து பார்த்தேன்:
பதினொன்று.

நம் உடம்பிலும் இந்தப் பட்டறை இருந்ததாம்,
எந்தக் காலத்திலோ
ஓர் ஆணி கழன்றுவிட்டது.
ஆட்டுக்கு உண்டு, மாட்டுக்கு உண்டு,
கேட்டில் படுத்திருக்கும் நாய்க்கும் உண்டு.
ரெண்டு நாளாய் வெயிலில் நிற்கும்
கெம்பண்ணனுக்கு இல்லை.
எனக்கும் இல்லை.

கொதிகலன் அந்தப் பக்கம் இரைகிறது.
காய்ச்சும்போது கூழில் கொஞ்சம் செத்துப்போகும்.
செத்ததை ஈடுகட்ட
வெள்ளைப் பொடி மூட்டையிலிருந்து அள்ளிப் போடுவோம்.
அளவு நான்தான் எழுதித் தருவேன்.

நாலு மணிக்கு, கிலோவுக்கு ஐம்பது பைசா குறைத்து
போர்டை மாற்றினார்கள்.

மரத்தடியில் இருந்தார் கெம்பண்ணன்.
நிழல் நகர நகரத் துண்டையும் நகர்த்திப் போட்டுக்கொண்டு.
கேட்பாஸ் பின்பக்கத்தில் எழுதியதைக் காட்டினேன்:
இலை, நிழல், நாலு.
இலை, வெயில், பதினொன்று.
காயைவிட இலையில்தான் அதிகம் என்றேன்.

எழுத்தை நெடுநேரம் பார்த்தார்.
"அப்ப, இலைக்கு என்ன ரேட்டு?"

முப்பத்தேழாவது வண்டி நகர்ந்தது.
துண்டை உதறிக்கொண்டு ஓடினார்.