இரண்டு சென்டிமீட்டர்

பேரங்காடியின் ஐந்தாம் மாடியில்
ஒரு கொள்ளையர் கப்பல்.
கடல் கிடையாது. கீழ்மாடியில் கைப்பேசி உறை விற்கிறார்கள்.
வரிசையின் தலைப்பில் ஒரு மரக்கிளி.
அது நீட்டிய சிறகில் தலை இடித்தால் ஏறலாம்.
எனக்கு இடிக்கவில்லை.

குதிகாலைத் தூக்கியிருக்கலாம்;
தர்வின் அப்படித்தான் ஏறினான்.
நூற்று முப்பத்தெட்டு என்றார் ஹைக்கால்,
விசையை இயக்குபவர்,
என்னைப் பார்க்காமல் கிளியைப் பார்த்து.

செந்தூலில் இருந்து வரும்போதே கணக்கு தொடங்கிவிட்டது.
ஏழு கிலோமீட்டர், நாற்பத்திரண்டு நிமிடம்,
ஜாலான் ஈப்போ முழுக்க நெரிசல்.
மணிக்குப் பத்து கிலோமீட்டர் என்று எழுதினோம்.
கோழி இதைவிட வேகமா ஓடும் என்றாள் லோஷினி.
பயிற்சித்தாளில் கோழிக்கு இடமில்லை.

சரி, நீ நேரம் எடு என்று
குமுதவல்லி டீச்சர் என் கழுத்தில் மாட்டிய கடிகாரம்
விளையாட்டறையில் இருந்து வந்தது,
கயிற்றில் யாரோ கடித்த தடம்.

முப்பது பேர் ஏறினார்கள்.
ஒவ்வொரு மடியிலும் பாதி நிரம்பிய சிராப் போத்தல்,
மூடியைச் சுற்றி இரண்டு ரப்பர் வளையம்.
கப்பலின் அடியில் ஒரு டயர் சுழன்று தள்ளுகிறது,
கடல் என்பது அவ்வளவுதான்.
உயரம் போதுமானதும் டயர் கீழே இறங்கிக்கொள்ள
கப்பல் தானாக ஆடத் தொடங்கும்.
அங்கேதான் அழுத்தினேன்.

போய் வந்தால் ஒன்று.
யுகேஷ் அம்மா என்று கத்தினான், இரண்டு.
யாருடைய காலணியோ கழன்று காற்றில், மூன்று.
பத்தாவதில் விரலை எடுத்தேன்:
ஐம்பத்து நான்கு வினாடி.

இறங்கியவர்கள் ஒரே குரலில் சொன்னார்கள்
சிராப் கொஞ்சம்கூடச் சாயவில்லை என்று.
சாய்ந்தது, கப்பலோடு சேர்ந்து சாய்ந்தது,
சிவப்புக் கோடு சரிந்ததை நான் பார்த்தேன் என்றேன்.
நீ ஏறவே இல்லையே!
தர்வின் சொன்னது உண்மைதான்.
நான் பார்த்ததும் உண்மைதான்.
டீச்சரிடம் கேட்கலாமென்றால்
அவர் தலைகளை எண்ணிக்கொண்டிருந்தார்,
முப்பது, முப்பதேதான், ஒண்ணு குறையுதே என்று.
குறைந்தது கிளிக்குப் பின்னால் நின்றது.

மதியம் எல்லாரும் நாசி லெமாக் பொட்டலத்தைப் பிரித்தபோது
ஒரு திருகாணியை முடுக்கிவிட்டு
வெறுங்கப்பலை ஆட்டிப் பார்த்தார் ஹைக்கால்.
கடிகாரம் கழுத்திலேயே இருந்தது.
சத்தமில்லாத கப்பல் பெரியதாகத் தெரிந்தது.
பூட்டிய இடுப்புக் கம்பிகள் லேசாகக் கிலுங்கின.
யுகேஷின் எடை இல்லை, முப்பது வயிற்றின் காலைச் சாப்பாடு இல்லை,
சீக்கிரம் முடிந்துவிடும் என்றுதான் நினைத்தேன்.

ஐம்பத்து நான்கு.

தப்பாக எண்ணியிருப்பேன்.
இன்னொரு முறை ஆட்டுவீர்களா என்று மலாயில் கேட்டேன்.
எதற்கு என்று கேட்டார்.
ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும்
ஒரே நேரம்தான் எடுக்கிறதா என்று பார்க்க.
ஆறு வருடமாக இதை ஆட்டுகிறேன்,
ஒருநாளும் எண்ணியதில்லை என்றார்.
சோறு மென்றபடியே விசையைத் தள்ளினார்.

டயர் இறங்கியது.
அவர் சத்து என்றார், நான் ஒன்று என்றேன்.
டுவா, இரண்டு.
அந்தப் பக்கம் போன கப்பலுக்கு
நான் அதில் இல்லாதது தெரியவில்லை.
தர்வின் இல்லாததும் தெரியவில்லை.
எம்பி நின்றவனுக்கும் எட்டாதவளுக்கும்
அதே வளைவு, அதே நிதானம்.
தீகா, மூன்று.
எங்கோ கீழ்த்தளத்தில் குழந்தை தொலைந்ததாக அறிவிப்பு.
ஒன்பதில் அவர் விரல்களை மடக்க மறந்துவிட்டார்,
வாய் மட்டும் எண்ணியது.
செப்புலோ, பத்து,
இரண்டு மொழியும் ஒரே இடத்தில் வந்து நின்றன.

எத்தனை என்று எட்டிப் பார்த்தார்.
காட்டினேன்.
அவர் சிரித்த சிரிப்பில் ஒரு நெத்திலி பல்லில் ஒட்டியிருந்தது.

பயிற்சித்தாளின் கடைசிக் கேள்வி:
கப்பல் ஆடியபோது நீ எப்படி உணர்ந்தாய்?
மூன்று வரி விட்டிருந்தார்கள்.
கீழே இருந்தேன் என்று எழுதினேன்.
மீதி இரண்டு வரியில்
ஐம்பத்து நான்கை மூன்று முறை எழுதி
பக்கத்தில் ஒரு கிளி வரைந்தேன்.