எண்பது மைக்ரான்

கண்ணாடியைக் கழற்றத்தான் போனேன்.
கழற்றிவிட்டார்கள்,
பதினோரு நொடியில், முடி பொசுங்கும் வாடையோடு.
எடுத்தது எண்பது மைக்ரான்.
என் தலைமுடி ஒன்றின் தடிமன்.

காரணம் அற்பம்.
உலான்பாத்தரில் டிராலிபஸ் ஓட்டுகிறேன்.
மின்கம்பியிலிருந்து கொம்பு நழுவும்போதெல்லாம்
மைனஸ் முப்பத்தைந்தில் இறங்கி,
கயிற்றை இழுத்து மாட்டிவிட்டு
மறுபடி ஏறினால்
கண்ணாடி வெளுத்துப்போகும்.
பின்னால் நாற்பது பேர் காத்திருக்க
நான் சட்டை நுனியால் துடைத்துக்கொண்டிருப்பேன்.

முதல் வருடம் ஊரே கூராக இருந்தது.
ஏறுகிறவர்களின் கையுறையில்
பிரிந்த நூலைக்கூட எண்ணினேன்.

பிறகு ஒரு நவம்பர் மாலை
சிவப்பு விளக்குக்கு வால் முளைத்தது.
புகை என்று நினைத்தேன்;
நிலக்கரிப் புகை எங்கள் ஊரில்
எதற்கும் பொருந்துகிற காரணம்.
காற்றடித்துப் புகை விலகிய இரவிலும்
நிலா மூன்றாகச் சரிந்து நின்றது.

டாக்டர் சோல்மோன் திரையை என் பக்கம் திருப்பினார்.
கருவிழியின் வரைபடம்.
சுற்றிலும் நீலம், பச்சை,
கீழோரத்தில் ஒரு சிவப்புக் குன்று.
மெலிந்த இடம் முன்னால் தள்ளுகிறது, என்றார்.
குன்றுகளுக்கு நடுவில் வளர்ந்தவள்தான் நான்.
எனக்குள் ஒன்று எழும் என்று
யாரும் சொல்லவில்லை.

இல்லை, சொன்னார்கள்.
நான்காம் பக்கத்தில், பொடி எழுத்தில்.
கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக்
கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

குன்றை இடிக்க முடியாதாம்.
இதற்குமேல் எழாமல் நிறுத்தலாமாம்.
மேல்தோலைச் சுரண்டி,
இரண்டு நிமிடத்துக்கு ஒரு சொட்டு மஞ்சள் மருந்து
(வைட்டமின்தான், பயப்படாதீர்கள்),
அப்புறம் அரைமணி ஊதா வெளிச்சம்.
உள்ளே இழைக்கு இழை முடிச்சு விழும்.

கண்ணை இமை காக்கும் என்பார்கள்.
மூன்று நாள்
இமைதான் உப்புத்தாளாக இருந்தது.
நியாம்பூ மணிக்கொரு அலாரம் வைத்து எழுந்து,
மருந்துப் பாட்டிலை அக்குளில் சூடேற்றி,
பாதியைக் கன்னத்தில் விட்டார்.
"அழாதே" என்றார்.
"நான் எங்கே அழுகிறேன், உன் கை நடுங்குகிறது" என்றேன்.

இப்போது காலை நாலரைக்கு
கிண்ணம் போன்ற கடின லென்ஸில்
உப்புநீரைத் தளும்ப ஊற்றி
மேசையில் படுக்கவைத்த முகக்கண்ணாடிமேல் குனிகிறேன்.
கண்ணை அதில் இறக்க வேண்டும்.
குமிழி விழுந்தால் முதலிலிருந்து.
இன்று வலது கண் நான்காம் முறை.

இரவுப் பணி வேண்டாமென்று எழுதிக் கொடுத்துவிட்டேன்.
சம்பளத்தில் கொஞ்சம் குறையும்.
சாயங்காலமானால் கண் காய்ந்து
லென்ஸ் மங்கத் தொடங்கும்;
கழற்றிக் கழுவ இன்னும் இரண்டு நிறுத்தம்.

இன்று சந்தைத் திருப்பத்தில் கொம்பு நழுவியது.
இறங்கினேன். கயிறு பனியில் விறைத்திருந்தது.
அண்ணாந்து பார்த்தேன்.
மேலே கம்பிகள்.
எண்ணினேன், திரும்பவும் எண்ணினேன்.
இரண்டு.
இரண்டேதான்.