வருகை முறை

மதியம் மூன்று மணி. ஜீவரத்தினம் சாலையில்
ஐஸ் லாரி ஒழுகிப் போன ஈரம் இன்னும் காயவில்லை.
என் கடையில் இரண்டு கம்ப்யூட்டர், ஒரு ஜெராக்ஸ்,
பக்கத்துக்கு இரண்டு ரூபாய், கலருக்குப் பத்து.

கூடையை வெளியே வைத்துவிட்டு அஞ்சலாட்சி வந்தாள்.
கையை முந்தானையில் மூன்று தரம் துடைத்து
பாஸ்போர்ட்டை நீட்டினாள்.
எப்போதோ குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போக எடுத்தது,
படத்தில் இருப்பவள் இவளுக்குத் தங்கை மாதிரி இருந்தாள்.
"அக்கரைக்குப் போவணும். கம்ப்யூட்டர்ல அனுமதி வாங்கணுமாமே.
அது இல்லாங்காட்டி பிளேன்ல ஏறவே வுடமாட்டானாமே."

முதல் கட்டம்: குடும்பப் பெயர்.
அவளுக்கு அது இல்லை. எனக்கும் இல்லை.
இந்தத் தெருவில் எவருக்கும் இல்லை.
இனிஷியலை விரித்தால் அவள் அப்பன் வெளியே வருகிறார்,
செத்துப் பதினோரு வருஷம் ஆன முனுசாமி.
அவரைக் கட்டத்துக்குள் உட்கார வைத்தேன்.
சிவப்பு நட்சத்திரம் அணைந்தது.

எப்படி வருகிறீர்கள்?
வான்வழி. கடல்வழி. இரண்டில் ஒன்று.
என் விரல் முதலாவதுக்குப் போனது.
"இன்னொண்ணு இன்னா?"
"கடல்வழி."
"அப்ப அவுருக்கும் இந்த பாரம் இருந்திச்சா?"

தேசப்பன். கடல்வழி.
போன மாதம் பதினேழு, ராத்திரி,
இன்ஜின் படுத்து, நீரோட்டம் இழுத்து,
கோடு போடாத தண்ணீரில் கோட்டைத் தாண்டி
நாலு பேர், கிழிந்த வலை, பாதிப் பெட்டி சங்கரா.
விண்ணப்ப எண் கிடையாது.

பயணத்தின் நோக்கம் என்று ஒரு பட்டியல் இறங்கியது.
சுற்றுலா, வியாபாரம், மருத்துவம், திருமணம், இடைத்தங்கல்.
ஜெயில் கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று
பல்வலி தேவலையா என்று கேட்பது
அதில் இல்லை.
சுற்றுலா போட்டேன்.
"அப்டின்னா?"
"சுத்திப் பாக்கறது."
கொஞ்சம் யோசித்தாள்.
"பாக்கத்தானே போறேன். போடு."

தங்கும் முகவரிக்கு, வக்கீல் எழுதித் தந்த துண்டுச் சீட்டு.
கையிருப்புப் பணம் எவ்வளவு என்றது. அவள் சொன்ன தொகைக்குப் பின்னால்
நானாக ஒரு சைபர் சேர்த்தேன்.

கடைசியில், நீ மனிதன்தானா என்று கேட்டது.
ஒன்பது படம். படகு உள்ளவற்றைத் தொடு.
நாலு தொட்டேன். தப்பு. மறுபடி தொட்டேன். தப்பு.
அவள் குனிந்தாள், நெத்திலி வாடை கீபோர்டில் இறங்கியது.
"அந்த மூலைல பாரு, அணியம் மட்டும் தெரியுது.
இது படகே இல்ல, மிதவை. வுடு."
ஒரே தரம். பச்சை டிக்.

என் கார்டில் கட்டினேன். நூறும் ஐம்பதுமாக
செதில் ஒட்டிய நோட்டுகளை எண்ணிக் கொடுத்தாள்.
இருபது ரூபாய் அதிகம் இருந்தது. திருப்பினேன், வாங்கவில்லை.

நாற்பது நிமிடம் கழித்து மெயில்:
அனுமதி வழங்கப்பட்டது. முப்பது நாள். இரண்டு முறை நுழையலாம்.
கலரில் எடுத்தேன். காகிதம் சுட்டது.
எழுத்தைப் பார்க்காமல் ஓரத்தைத் தடவினாள்.

"இதே மாதிரி அவுருக்கு ஒண்ணு எடேன்.
போன மாசம் பதினாறுன்னு போட்டு."

சொல்லிப் புரியவைக்கத் தெரியாமல்
புது விண்ணப்பம் திறந்தேன். கடல்வழி.
வருகைத் தேதி என்ற இடத்தில் காலண்டர் விரிந்தது.
இன்றைக்கு முந்தின நாளெல்லாம் சாம்பல் நிறம்.
அம்புக்குறியைப் பின்னால் தள்ளிப் பதினாறைத் தட்டினேன்.
மவுஸ் சத்தம் மட்டும் வந்தது.
அவளும் ஒரு தரம் அழுத்தினாள்,
திரையிலேயே, கட்டைவிரலால்.

வாசலில் ஒருவர், "ரேஷன் கார்டு ஜெராக்ஸ்,
முன்னயும் பின்னயும்" என்றார்.
திரையைத் துடைக்காமல் எழுந்து போனேன்.