இரண்டாம் கியரில் அரை நொடி

சீட்டு எடுத்த பணம் எழுபத்திரண்டாயிரம்.
மேஜைமேல், டீ ஃபேக்டரி லெட்டர்பேடில்,
என் கையெழுத்தில் ஒரு பட்டியல்:
இன்டர்கூலர், கிளட்ச், டவுன்பைப், ரீமேப்.
அடியில் தயாபரன் சொருகியது:
‘புளோ-ஆஃப் வால்வ், அவசியம்!!’
ஆச்சரியக்குறிகள்மேல் பேனாவை இரண்டு தரம் ஓட்டியிருந்தான்.

அவனுக்கு அந்தச் சத்தம் வேண்டும்.
ஆக்சிலரேட்டரை விட்டதும்
பிரஷர் குக்கர் கோபித்துக்கொண்டு
எழுந்து போவதுபோல் ஒரு ‘உஷ்ஷ்’.
வண்டி ஓட்டுவது நான்.
அவனுக்கு மலைப்பாதையில் தலை சுற்றும்;
எலுமிச்சம்பழத்தை முகர்ந்தபடி
பக்கத்து சீட்டில் குதிரைசக்தி பேசுவான்.

கோவையில் ரெஜினால்டு
வண்டியை உருளைமேல் ஏற்றிக் கட்டி
கிராஃப் எடுத்துத் தந்தான்.
“பெரிய டர்போ போட்டா நூத்தைம்பதைத் தாண்டும் மேடம்.”
எந்த ஊரில் என்று கேட்டேன்.
விழித்தான்.
அவன் கடையில் காற்று கெட்டி,
டப்பாவில் அழுத்தி நிரப்பிய காபித்தூள்.
கோத்தகிரியில் அதே டப்பாவைத் திறந்தால்
ஐந்தில் நாலு பங்குதான்.
மீதியை நிரப்ப
டர்போ இன்னும் வேகமாகச் சுற்ற வேண்டும்,
நிமிடத்துக்கு லட்சத்துச் சொச்சம் முறை,
வெளியே போகிற புகையையே
வாசலில் மறித்து வேலை வாங்கி.
பெரிய டர்போ பெரிய மனிதர் மாதிரி,
எழுந்திருக்க நேரமாகும்.
கொண்டை ஊசி வளைவில் அவருக்காக யார் காத்திருப்பது,
பின்னால் கேரட் லாரி மூக்கை நுழைக்கும்போது?
ரெஜினால்டு சேர்த்த வரியை அடித்தேன்.

அரவேணுவில் நஞ்சுண்டன் பானெட்டைத் திறந்து
ரொம்ப நேரம் எதையும் தொடவில்லை.
பிறகு ஒரு ரப்பர் ஹோஸை அமுக்கினான்.
உள்மடிப்பில் நகக்குறி அளவு வெடிப்பு.
“இத்தனை நாளா மூடுபனிக்கு
பூஸ்ட் கலந்து குடுத்திருக்கீங்க.”
ஹோஸ் ஆயிரத்து நானூறு. கிளாம்ப் தனி.
பட்டியலில் இல்லாத பொருள்.

டவுன்பைப்பை அடித்தது யானை.
பலாப்பழக் காலம், குஞ்சப்பனைக்கு மேலே,
ராத்திரி ஒன்பதரை.
வளைவு முடிகிற இடத்தில்
சாலை இல்லை, யானை இருந்தது.
எஞ்சினை அணைத்தேன். விளக்கை அணைத்தேன்.
தயாபரன் கையில் எலுமிச்சம்பழம் நசுங்கியது.
பதினேழு நிமிடம்.
சூடேறிய டர்போ மட்டும்
டிக், டிக் என்று ஆறிக்கொண்டிருந்தது;
அதுகூடக் கேட்டுவிடுமோ என்று
மூச்சைப் பிடித்திருந்தோம்.
ஒரு பலாச்சுளை அளவுக்குக்கூட எங்களை மதிக்காமல்
அது சரிவில் இறங்கியது.
வீடு வந்ததும் அவனே பேனாவைத் தேடி
உரக்கக் கத்துகிற எல்லாவற்றையும் அடித்தான்,
ஆச்சரியக்குறிகளை முதலில்.

மிச்சம் இன்டர்கூலர், கிளட்ச், மிதமாய் ஒரு ரீமேப்.
பிரேக் பேடு எழுத மறந்திருந்தேன்.
நஞ்சுண்டன் கேட்காமலே மாற்றி பில்லில் சேர்த்தான்.
சண்டை போட்டேன். கொடுத்தேன்.

இப்போது வளைவில்
இரண்டாம் கியரில் மிதித்தால்
முன்பிருந்த அந்த அரை நொடி இல்லை.
மிதித்த காலுக்கும் கிளம்பும் வண்டிக்கும் நடுவே
எதுவுமே நடக்காத ஓர் இடம்.
சொல்ல வந்ததையெல்லாம்
பல வருடம் அங்கேதான் விழுங்கியிருக்கிறேன்.
அது போன பிறகே தெரிந்தது.

நேற்று அவன்,
“நம்ம வண்டி என்ன இழுவை பார்த்தியா” என்றான்.
மிதித்தேன்.
“என் வண்டி” என்றேன்,
ஸ்டியரிங் நேராவதற்குள்.
அவன் எலுமிச்சம்பழத்தை
மற்ற கைக்கு மாற்றிக்கொண்டான்.