எட்டு மில்லிமீற்றர்

நாப்பது நிமிசத்துக்கு ஒருக்கா
எலிவேற்றர் நிக்குது.
முரசுமோட்டைச் சந்தி வரைக்கும்
ஈரநெல்லோட உழவு மெசின்கள்.
பூலோகசிங்கத்தார் சாக்குக்குள்ள கையை விட்டுப் பாத்து
"முளைச்சிடும் பிள்ளை" எண்டுறார்,
என்னைப் பாக்காமல்.

சிவசோதி முதலாளி போனில:
"அந்தச் சென்சரைக் கழட்டி எறி.
ரெண்டு வயரையும் முறுக்கி விடு, ஓடட்டும்."

முறுக்கி விடலாம்.
பெல்ட் வழுக்கி, உராஞ்சி,
உமித்தூசியில நெருப்புப் பிடிச்சாலும்
அந்த வயர் ஓம் எண்டுதான் சொல்லும்.
அப்பிடியான ஆக்கள் சிலரை எனக்குத் தெரியும்.

சென்சர் எண்டது பெரிய விசயமில்லை.
பெருவிரல் மொத்தத்தில ஒரு குழல்,
நுனியில செம்மஞ்சள் மூடி,
மூடிக்குள்ள செம்புக் கம்பிச் சுருள்.
எட்டு மில்லிமீற்றருக்குள்ள இரும்பு வந்தால்
ஓம்.
விலகினால் இல்லை.
நடுவில நிக்கிற சொல்லு அதுக்குப் பழக்கமில்லை.
இருக்கும் போல, ஆரோ கண்டவையாம்,
கடைசியா பஸ்ஸில ஏத்தினதாம்,
அதெல்லாம் எங்கட வாயில வாறது.

அம்பகாமத்துக் காட்டில நாலு வருசம்
முழங்காலில நிண்டு
நான் கேட்டதும் இதே சுருளைத்தான்.
அது பெரிசு, கைபிடி வச்சது, காதுக்குள்ள கத்துறது.
அங்கே ஓம் எண்டால் நிக்கவேணும்.
ஒரு நாளைக்கு முப்பது ஓம் வரும்:
மீன்ரின் மூடி, கதியால் ஆணி,
பித்தளைக் கோது, ஒருக்கா
ஒரு சின்னப் பிள்ளையின்ர கொலுசுத் திருகாணி.
முப்பத்தோராவது என்னவெண்டு தெரியாது.
இல்லை எண்டு கேட்ட பிறகுதான்
சிவப்புத் தடியை ஒரு சாண் முன்னுக்கு வைப்பம்.

இங்கே எல்லாம் மாறி.
தண்டு சுத்துது, அதில தலை நீட்டின நாலு போல்ட்,
ஒவ்வொண்டும் கடக்கேக்கை ஒரு ஓம்.
அது விடாமல் வரவேணும்.
ஒண்டு தவறினால் மோட்டர் நிக்கும்.
இந்த மில்லுக்கு வந்த முதல் மாசம்
சின்ன லைற் மினுங்குற ஒவ்வொரு தரமும்
என்ர முழங்கால் தானா மடிஞ்சது.
ஆருக்கும் சொல்லேல்லை.

இரவு ரெண்டு மணி. திரும்பவும் நிண்டிட்டுது.
தகரத்தைக் கழட்டி ரோச் அடிக்கிறன்.
மூண்டு போல்ட் கறுப்பு,
நாலாவது மஞ்சள்.
ரெஜினோல்ட்டின்ர வேலை.
பகல் ஷிப்டில ஒண்டு முறிஞ்சிருக்கு,
பெட்டிக்குள்ள அளவுக்கு இருந்தது இதுதான்.
பிழையெண்டும் சொல்லேலாது,
வடிவா இறுக்கித்தான் இருக்கிறான்.

எட்டு எண்டது இரும்புக்கு.
பித்தளைக்கு அதில பாதியும் வராது.
தண்டு குளிர்ந்திருக்கேக்கை ஒரு மயிரளவு கிட்ட நிக்கும்,
பிடிபடும்.
சூடேறி விலகினால்
கண்ணுக்கு முன்னால சுத்துற ஒண்டைப் பாத்து
இல்லை எண்டுது.
பொய்யில்லை. தனக்கு எட்டினதைச் சொல்லுது.
அதின்ர உடம்பும் பித்தளைதான், வேடிக்கையைப் பார்.

போன புரட்டாதியில கச்சேரிக்குப் போனன்.
ஒரு பிள்ளை படிவம் நீட்டினாள்.
தம்பியின்ர பேருக்கு நேரே ரெண்டு பெட்டி:
ஓம். இல்லை.
எழுதப் பேனையும் தந்தாள், நல்ல பிள்ளை.
எத்தினை மில்லிமீற்றரில கேக்கிறியள் எண்டு
திருப்பிக் கேக்க அப்ப எனக்குத் தெரியேல்லை.
பேனையை மூடிக் குடுத்திட்டு வந்தன்.

மில்லில இரும்பு போல்ட் ஒண்டும் இல்லை.
வெளியில போய்
பூலோகசிங்கத்தாரின்ர மெசின் மட்காட்டில
ஒண்டைக் கழட்டினன், கேட்டிட்டுத்தான்.
பூட்டி, சென்சரை ரெண்டு புரி முன்னுக்குத் திருப்பி,
பச்சைப் பட்டனை அமத்த
ஓம் ஓம் ஓம் ஓம்
நெல்லு மேல ஏறுது.

"மட்காட் ஆடுமே, பிள்ளை."

ஆடும் எண்டன்.
மஞ்சள் போல்ட் விடியுமட்டும்
என்ர சட்டைப் பொக்கற்றுக்குள்ள கிடந்தது.